‘புரியலை சார்’ என்ற பதிலுக்குப் பிறகு

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘கரைசல்கள்’ என்று ஒரு பாடம் வருகிறது. தெவிட்டிய கரைசல் என்றால் என்ன, தெவிட்டாத கரைசல் என்றால் என்ன என்று வரையறை கேட்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். சென்னையிலும் சேலத்திலும் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ராமநாதபுரம் மாவட்டம் சிக்கலில் அப்படி விட்டுவிட முடியாது. (சிங்காரவேலர் கோயில் கொண்ட நாகப்பட்டினத்துச் சிக்கல் வேறு. இது கடலாடிப் பக்கத்துச் சிக்கல்.) இந்த ஊருக்குத் தெற்கே, வாலிநோக்கம் கடற்கரையில், அந்தப் பாடம் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது.

தமிழக அரசின் உப்பு நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டது. அதன் உப்பளங்கள் இருப்பது இங்கேதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் நாம் சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைடு. வெயிலில் நீர் வற்ற வற்றக் கரைசல் அடர்த்தியாகிறது. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரி வரை காத்திருந்தால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அதனால் அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். தெவிட்டிய கரைசலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? மழைக்காலத்தில் கல் உப்பு ஏன் நசநசக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு. உப்போடு ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கரைகிறது. இதுவும் அதே பாடத்தில் வருவதுதான்.

உப்பள வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, இந்த வரையறையைப் புத்தகத்தில் படித்தும் அப்பா செய்யும் வேலைக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தெரியாமலே பள்ளியை விட்டுப் போகக்கூடும். அந்தத் தொடர்பை எடுத்துக் காட்டுவதுதான் அறிவியல் ஆசிரியரின் முதல் கடமை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அரசாணையிலோ சட்டத்திலோ எழுதியிருக்கும் கடமைப் பட்டியல் வேறு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துபவர் ‘பட்டதாரி ஆசிரியர்’. பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வைத் தாண்டி வந்தவர். பட்டம் வாங்கியது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஏதோ ஒன்றில்தான். வகுப்புக்குள் வந்துவிட்டால் நான்கும் அவருடையவை. விலங்கியல் படித்தவர் ஓம் விதிக்குக் கணக்குப் போட வேண்டும். இயற்பியல் படித்தவர் மெண்டலின் பட்டாணிச் செடியை விளக்க வேண்டும். சிறிய உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்புகளிலும் அறிவியல் நின்றுவிடும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆசிரியரின் கடமைகளை எழுதியே வைத்திருக்கிறது. நேரம் தவறாமல் வர வேண்டும். பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, பின்தங்கியவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரை அடிக்கடி சந்தித்துப் பேச வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேர வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றைத் தவிர, கல்விக்குத் தொடர்பில்லாத வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நடப்பு இந்தப் பட்டியலைவிட நீளமானது. பாடக்குறிப்பேடு எழுத வேண்டும், வருகைப் பதிவை இணையத்தில் ஏற்ற வேண்டும், மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்த வேண்டும், மெல்லக் கற்போருக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும், பொதுத்தேர்வு வந்தால் கண்காணிப்பு, அது முடிந்தால் விடைத்தாள் மையம். இவற்றுக்கு நடுவில் ஒரு முகவையில் தண்ணீரும் ஒரு தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போக நேரம் கண்டுபிடிப்பவர்தான் நல்ல ஆசிரியர்.

நேரம் இல்லாதபோது முதலில் பலியாவது செய்முறைதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. தேர்ச்சி பெற எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15. கணக்கைப் பாருங்கள். செய்முறையில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் தேர்ச்சி, எழுத்தில் கால் பங்கு தாண்டினாலே போதும். பாடத்திட்டம் வகுத்தவர்கள் கையால் செய்து கற்பதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 25, பிள்ளைக்குத் தைரியம் தரும் மதிப்பெண் என்ற அளவிலேயே பல இடங்களில் நின்றுவிட்டது. வருடம் முழுக்க பூட்டிக் கிடந்த அலமாரி தேர்வுக்குச் சில வாரம் முன்னால் திறக்கப்படும். பதிவேடு கரும்பலகையைப் பார்த்து எழுதப்படும்.

அலமாரி ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் காரணமும் உண்டு. ஆய்வகப் பொருள்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. குழாய் உடைந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் தொல்லைக்குப் பயந்து கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘உடைந்தால் உடையட்டும், எழுதிக் கழித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தலைமையாசிரியர் அமைந்த பள்ளியில்தான் பிள்ளைகள் கையில் சோதனைக் குழாய் இருக்கும்.

இந்தக் கடற்கரையின் மிகப் புகழ்பெற்ற அறிவியல் வகுப்பு ஆய்வகமே இல்லாமல் நடந்தது. 1940களின் தொடக்கம், ராமேசுவரம் தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, இறக்கை, வால், தலை என்று காட்டி, அது எப்படிப் பறக்கிறது, எப்படித் திரும்புகிறது என்று விளக்கினார். முடித்ததும் புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்று ஒரு பையன் சொன்னான். பலரும் அதையே சொன்னார்கள். அன்று மாலை அவர் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போனார். கூட்டம் கூட்டமாகப் பறந்த பறவைகளைக் காட்டி, இறக்கை அடிப்பதையும் வாலை வளைத்துத் திசை மாற்றுவதையும் நேரில் பார்க்க வைத்தார். முதலில் புரியவில்லை என்ற பையன் ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம். தான் வானூர்திப் பொறியியல் பக்கம் போனதற்கு அந்த மாலைப் பொழுதே விதை என்று குடியரசுத் தலைவரான பிறகும் பள்ளி பள்ளியாகச் சொல்லி வந்தார்.

இந்தக் கதையைக் கேட்காத தமிழ் மாணவர் இல்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் பறவையையும் கடற்கரையையும் ராக்கெட்டையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் நடந்ததைக் கவனிப்பதில்லை. வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காத ஆசிரியர் கிடையாது. ‘புரிஞ்சுது சார்’ என்று கோரஸாகச் சொல்லாத வகுப்பும் கிடையாது. ராமேசுவரத்து வகுப்பில் பையன்களால் ‘புரியலை’ என்று சொல்ல முடிந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அவர் அப்படிச் சொன்னவனை அடிக்காமல், கேலி செய்யாமல் இருந்திருக்க வேண்டும். அடுத்து அவர் செய்தது அதைவிட முக்கியம். அதே படத்தை இன்னும் உரக்க விளக்கிக்கொண்டிருக்காமல், முறை தவறு என்று எடுத்துக்கொண்டு இடத்தை மாற்றினார். சோதனை தோற்றால் கருவியைச் சரிபார்க்கும் விஞ்ஞானி செய்வதும் இதுதான்.

கலாம் பின்னர் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே இயாதுரை சாலமன் என்ற ஆசிரியர் விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கைக்கொள்ளச் சொன்னதாக எழுதியிருக்கிறார். பள்ளிச் சுவர்களில் அதிகம் எழுதப்படுவது இந்த மூன்று சொற்கள்தான். ஆசிரியர்களுக்கு வேலைக்கு உதவுவது என்னவோ அந்தக் கடற்கரை மாலைதான்.

அதே தொடக்கப் பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. புதிதாக வந்த ஓர் ஆசிரியர், கோயில் குருக்களின் மகனுக்குப் பக்கத்தில் குல்லாய் போட்ட முஸ்லிம் பையன் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல், கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். குருக்கள் லட்சுமண சாஸ்திரியே அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். சிவசுப்பிரமணிய ஐயர் செய்தது இதற்கு நேர் எதிர். ஒருநாள் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரம் மிக்க அவருடைய மனைவி தன் சமையலறையில் அந்தப் பையனுக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் கோபப்படவில்லை. தானே பரிமாறினார், பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாளே உள்ளே அழைத்துப் பரிமாறினார்.

இதை அறிவியல் ஆசிரியரின் கடமைகளைப் பற்றிய கட்டுரையில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் இந்திய அரசியல் சாசனத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது. அந்த வரி அதோடு நிற்பதில்லை. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராயும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சாசனத்தில் இந்த வரி ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, ராமேசுவரத்து ஆசிரியர் ஒருவர் ஆராயும் உணர்வைக் கடற்கரையிலும் மற்றவற்றைத் தன் வீட்டு அடுக்களை வாசலிலும் நடத்திக் காட்டியிருக்கிறார். வகுப்பில் மரபணுவை விளக்கிவிட்டு, பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று சாதி பார்க்கும் ஆசிரியர் தன் பாடத்தைத் தானே நம்பவில்லை என்றுதான் பொருள்.

சிக்கலைச் சுற்றிப் பறவைகளுக்கும் பஞ்சமில்லை. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் 1998இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சற்று வடக்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் இருக்கின்றன. இரண்டும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியவை. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டும். மழை பொய்த்தால் வராது. இந்த நாரைகளைக் காட்டப் போகிறவர் காலை பத்து, பதினொரு மணிக்குப் போவது நல்லது. அப்போது தரை சூடேறி, வெப்பக் காற்று மேலே எழும்பும். பெரிய பறவைகள் அந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தே உயரே போய்விடும். வெப்பச்சலனம் என்று எட்டு எழுத்தில் படித்ததை வானத்தில் பார்த்துவிடலாம்.

மழை பொய்த்த ஆண்டிலும் பாடம் கிடைக்கும். மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் கரி மூட்டம் போடுவது இங்கே ஒரு பிழைப்பு. விறகை அடுக்கி மண் பூசி மூடி, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளையாகப் புகை வரும், அது பெரும்பாலும் விறகின் ஈரம். பிறகு புகை மெலிந்து நீலம் பாயும், கரி பிடித்துவிட்டது என்று அர்த்தம். போதிய ஆக்சிஜன் இல்லாமல் சூடேற்றினால் விறகு சாம்பலாகாமல் கார்பனாக நிற்பது ஏன் என்பதை மூட்டம் போடுகிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் வேறு சொற்களில் சொல்லுவார். அதைப் புத்தகச் சொல்லுக்கு மாற்றித் தருவது ஆசிரியர் வேலை.

குவிலென்சின் குவியத் தொலைவு காண்பது பத்தாம் வகுப்புச் செய்முறைகளில் ஒன்று. அதற்கு ஒளியியல் மேசை இல்லையென்று புலம்ப வேண்டியதில்லை. பொட்டல்வெளியில் தூரத்தில் நிற்கும் பனையின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் தலைகீழாக விழவைத்து, லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கார்பனேட்டில் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வரும் என்று காட்ட, கரையில் கிடக்கும் வெற்றுச் சிப்பி ஒன்று போதும், முட்டை ஓடும் ஆகும். பவளப்பாறைத் துண்டைக் கொண்டுவா என்று மாணவரை அனுப்பக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடல் அட்டையும் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை. இதைச் சொல்லித் தருவதும் இந்தக் கடற்கரையில் அறிவியல் ஆசிரியரின் பொறுப்பில் வருகிறது.

பொறுப்பிலிருந்து நழுவும் பாடங்களும் உண்டு. எட்டாம் வகுப்பில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம், மாதவிடாய்ச் சுகாதாரம். ‘இதை வீட்டுல படிச்சுக்குங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் வழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் அந்தப் பாடம் எழுதப்பட்டது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில், சிரிப்புச் சத்தம் எழும்போது முகம் மாறாமல், கண்ணின் பாகங்களைச் சொல்வது போலவே கருப்பையின் பாகங்களையும் சொல்லும் டீச்சர் செய்வது பெரிய காரியம். ‘தீட்டு’ என்ற சொல்லோடு வளரும் பெண்ணுக்கு, இது ஹார்மோன் வேலை என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

பாம்புக்கடியும் அப்படித்தான். வேலிகளிலும் வரப்புகளிலும் நடக்கும் பிள்ளைகளுக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் தரப்படும் நச்சுமுறி மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடிவாயைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, மந்திரிக்க ஓடாதே, அரசு மருத்துவமனைக்குப் போ. இந்த நான்கு வாக்கியத்தைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால், நோய்த் தடுப்பாற்றல் பாடம் அந்த ஆண்டு உருப்படியாக நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

சூழலைக் கொண்டே அறிவியல் நடத்த முடியுமா, நடைமுறைக்கு ஆகுமா என்ற சந்தேகத்துக்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. மாணவர்கள் குழுவாகச் சோதனை செய்வார்கள், பார்த்ததை எழுதுவார்கள், விவாதிப்பார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பவை அல்ல. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் மாதாந்திரக் கூட்டங்களும் நடந்தன. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டு நடந்ததே அது நடைமுறைக்கு ஆகும் என்பதற்குச் சான்று. நிறுத்தப்பட்டது, ஆசிரியர் தனியாக எவ்வளவு முயன்றாலும் போதாது என்பதற்குச் சான்று.

தமிழ்நாட்டில் வேறு வழியில் வேலை நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை 1987 முதல் நடத்தி வருகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். கடலாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறது, எதில் திரிகிறது, ஊருணித் தண்ணீர் எந்த மாதம் வரை தாங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாலும் ஓர் ஆய்வு தயார். வழிகாட்டி ஆசிரியர் சனி, ஞாயிறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2022 நவம்பர் 28 அன்று தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் சோதனைப் பொருள்களோடு வந்து செய்துகாட்டுகிறார்கள், செய்யவும் வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு அந்த வண்டி வராது. அங்கே பொதுத்தேர்வு உண்டு, 25 மதிப்பெண் செய்முறை உண்டு, அந்த ஊர்ப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் உண்டு. வண்டியில் வந்தவர் செய்துகாட்டியதை எட்டாம் வகுப்பில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பில் அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். கேட்டால் திட்டம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்களும், பையன் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்டதும், இந்த மாதம் அவன் கையால் எந்தச் சோதனையைச் செய்தான் என்று சேர்த்துக் கேட்கலாம். அந்தக் கேள்வியை வரவேற்கும் அறிவியல் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் போய்ப் பாடவேளை கேட்க அவர்களுக்கு அதுவே ஒரு காரணமாகிவிடும்.